பேர் சொல்லாதது

அத்தியாயம் 9

வசம்புக்கு நம் பெண்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் 'பேர் சொல்லாதது'. விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் அதைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். வளர்ந்தவர்கள் மட்டும் குடியிருக்கும் வீட்டில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது.

செல்லத்தின் வீட்டில் அவளும் அவள் கணவர் வீரமுத்துவும் மட்டும்தான். அப்படியிருக்க, வீரமுத்துவின் கறுப்புக் கோட்டுத் தோளில் வசம்பு மணந்தால் ஒரு பெண்பிள்ளை என்ன நினைப்பாள்? கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மரமாய் நின்ற இடத்தில்தான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நாலு நாள் ஓடிவிட்டது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, இன்னும் வாயைத் திறந்து கேட்கவும் இல்லை.

கேட்டால் பதில் வந்துவிடுமே, அந்தப் பயம்.

அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒரே ஒரு பெயர். வெள்ளையம்மா. லாயாங் லாயாங் என்ற ஊரின் ஸ்டேஷன் வாசலில் தோசைக்கடை வைத்திருக்கும் இளவயது விதவை. வாரத்தில் மூன்று நாள் வீரமுத்து ஐஸ் கட்டியும் புட்டிப் பெட்டியும் எடுக்கக் கிளப் வண்டியில் ஸ்டேஷனுக்குப் போகிறார். முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் திரும்பியவர், இப்போது மூன்று மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். பிறகென்ன, கூட்டிப் பார்க்கத் தெரியாதா அவளுக்கு?

ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் தள்ளி, மேட்டின் மேல் இருக்கிறது துரைமார் கிளப். வீரமுத்து அங்கே பட்லர், செல்லத்துக்குச் சமையற்கட்டு. ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்த காலம் அது. தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை குறைந்துபோன துரைமாருக்குப் பொழுது போக வேண்டாமா? எட்டுப் பேர் சேர்ந்து ஒயின் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள்!

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்குப் பாடம். புட்டியின் பெயர் தெரியாமலிருக்க அதன்மேல் கோல்ஃப் காலுறையை மாட்டிவிடுவார்கள். முதலில் வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும். பிறகு கிளாஸுக்குள் மூக்கை விட வேண்டும். பிறகு ஒரு வாய் கொப்பளித்துப் பித்தளைப் படிக்கத்தில் துப்ப வேண்டும். கடைசியில் மணம் என்ன, குணம் என்ன என்று அட்டையில் எழுத வேண்டும். "கப்பல்ல வரவழைச்சுத் துப்புறானுங்களே!" என்று சின்ன பட்லர் லெட்சுமணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

ஆரம்பத்தில் எட்டு அட்டையிலும் 'நன்றாயிருக்கிறது' என்பதைத் தவிர வேறு எழுத்தே இருக்காது. அவர்களுக்கு மூக்கை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்தவர் வீரமுத்து. இருபது வருஷமாகப் புட்டி திறந்து பழகிய மூக்கு. ஆனால் போன ஐப்பசியில் வந்த விஷக்காய்ச்சல், அவர் உயிரை விட்டுவிட்டு மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூவும் தெரியாது, புகையும் தெரியாது. வெளியே தெரிந்தால் அடுத்த கப்பலில் அவருக்கும் ஓர் இடம் போட்டுவிடுவார்கள்.

அன்றிலிருந்து வீரமுத்துவின் மூக்கு செல்லத்தின் முகத்தில்தான் இருக்கிறது.

பாடத்துக்கு முன்னால் ஒவ்வொரு புட்டியிலும் அரை விரற்கடை ஊற்றிக்கொண்டு ஸ்டோர் அறைக்கு வருவார். அவள் நாக்கில் ஒரு சொட்டுப் படவிடமாட்டாள். முகர்ந்து பார்த்துத் தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள். அவர் அதை இங்கிலீஷாக்கிக் கூடத்தில் சொல்வார். கெட்டுப்போன புட்டிக்கு அவள் வைத்த பெயர் 'ஈரச்சாக்கு'. இன்று எட்டுத் துரைமாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, அதையே இங்கிலீஷில் 'வெட் கன்னி' என்று அட்டையில் எழுதுகிறார்கள். அது ஒரு சமையற்காரியின் வார்த்தை என்று அவர்களுக்குத் தெரியுமா என்ன?

இந்த ஞாயிற்றுக்கிழமை சாதாரணப் பாடம் இல்லை. செக்ரட்டரி துரை தன் பட்லரின் மூக்கைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்துவிட்டார். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிபுணர் சிங்கப்பூரிலிருந்து ஐந்து புட்டிகளோடு காலை வண்டியில் வந்து இறங்கியிருந்தார். வீரமுத்துதான் விடியற்காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்து வந்தார்.

ஸ்டோர் அறையில் நுழைந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, தட்டில் இருந்த ஐந்து சின்ன கிளாஸ்களை அவள் பக்கம் தள்ளினார்.

"சீக்கிரம், செல்லம். ஒண்ணு?"

"நாவப்பழம். கொஞ்சம் மொளகு."

"ரெண்டு?"

"காஞ்ச பொகையில. கருப்பட்டியும் இருக்கு."

"மூணு?"

"ஜம்புக்காய். பன்னீர் தெளிச்சாப்ல."

"நாலு?"

"மழை பேஞ்ச செம்மண்ணு. நசுக்குன வெத்தலை."

ஐந்தாவது கிளாஸை எடுத்தாள். முகர்ந்தாள். தட்டில் திரும்ப வைத்துவிட்டு, கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு?"

"சொல்ல மாட்டேன்."

வீரமுத்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன வெளையாட்டு இது? துரைங்க வந்து உக்காந்தாச்சு."

"நான் ஒண்ணு கேக்கறேன். அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்." நாலு நாளாக அடக்கி வைத்தது, ஒரேயடியாகக் கொட்டியது. "யாரு பிள்ளை அது?"

"எந்தப் பிள்ளை?"

"உங்க கோட்டுத் தோள்ல படுத்துத் தூங்குதே, அந்தப் பிள்ளை! வசம்பு மணக்குது. கொழந்தை எண்ணெய் மணக்குது. உங்களுக்கு மூக்கு இல்லாட்டி எனக்கும் இல்லைன்னு நெனைச்சீங்களா? வெள்ளையம்மா வீட்டுத் தொட்டில்தானே அது? சொல்லிடுங்க. என்னை என்ன பண்றதா இருக்கீங்க, அதையும் சொல்லிடுங்க."

வீரமுத்து ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பாவி மனிதருக்கு அதில் என்ன தெரியும்? வெறும் துணி. கோட்டை மாட்டிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார்.

"வெள்ளையம்மா இல்லை, புள்ள," என்றார். "சந்திராவோட பிள்ளை."

செல்லம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

சந்திரமதி அவர்களுடைய ஒரே மகள். வீரமுத்து தன் அக்காள் மகனுக்கென்று பேசி வைத்திருந்த பெண், ரயில்வேயில் கொடி காட்டும் செல்லப்பனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாள். அது நடந்து இரண்டு வருஷம். "இனி அவ பேரை இந்த வீட்ல எவளும் எடுக்கக் கூடாது" என்று அன்றைக்கு இவர் போட்ட போட்டில், பெற்றவள் தன் மகள் பெயரைத் தலையணைக்குள் சொல்லி அழுதாள். கிம்மாஸில் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை காதில் விழுந்தது. அவ்வளவுதான். அந்தப் பெயரை இன்று அவரே சொல்கிறார்!

"எங்கே? கிம்மாஸ்லயா?"

"இங்கதான். செல்லப்பனுக்கு மாத்தல். மூணு மாசமா ஸ்டேஷன் லயத்து வீட்லதான் இருக்காங்க. எனக்கே பிள்ளை பொறந்த அன்னிக்குத்தான் தெரியும். லெட்சுமணன்கிட்ட ஆள் அனுப்பினாங்க."

மூணு மைல்! செல்லத்துக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எழுந்து வந்து, அடம் பிடிக்கும் குழந்தையைப்போல இரண்டு கையாலும் அவர் மார்பில் குத்தினாள். "பாவி மனுஷா! இதை எங்கிட்ட மறைச்சீங்களா? நான் வெள்ளையம்மான்னு நெனைச்சு நாலு நாளா செத்துப் பொழைச்சேனே! எம் மக நல்லாருக்காளா? எளைச்சுப் போயிட்டாளா?"

கூடத்தில் மணி அடித்தது.

"அஞ்சு, செல்லம். அஞ்சு என்ன?"

"ஈரச்சாக்கு! கெட்டுப் போச்சு, யாரும் வாயில வெக்க வேணாம். அவ நல்லாருக்காளான்னு கேட்டேனே?"

அதற்குள் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்ட அவர் திரும்பவில்லை. மணி மறுபடியும் அடித்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் போய்விட்டார்.

வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டாள் செல்லம். இரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. பெரிய துணி ஒன்றை விரித்து, கைக்கு வந்ததையெல்லாம் அதில் போட ஆரம்பித்தாள். ஒரு பிடி பூண்டு. பெருங்காயம். சுக்கு. நல்லெண்ணெய் ஒரு புட்டி. பிள்ளை பெற்ற உடம்புக்கு என்னென்ன வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிச் சொல்லி எடுத்து வைத்தாள். மதியச் சமையல் முடிந்ததும் நடந்தே போய்விடலாம். யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம்.

காலித் தட்டோடு லெட்சுமணன் உள்ளே வந்தான்.

"லெட்சுமணா, உங்க வீட்ல பால்சுறா கருவாடு இருக்காடா? ரெண்டு துண்டு போதும். பிள்ளை பெத்தவளுக்குப் புட்டு செஞ்சு குடுத்தா பால் நல்லா ஊறும்."

லெட்சுமணன் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. "அக்கா..."

"என்னடா முழிக்கிறே? உனக்கு எல்லாம் தெரியும்னு அண்ணன் சொல்லிட்டாரு. திருட்டுப் பய! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"அண்ணன் சொல்லிட்டாராக்கா? எல்லாத்தையுமா?"

"சொல்லிட்டாரு, சொல்லிட்டாரு. கருவாடு இருக்கா இல்லையா?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு தட்டை அங்கேயே வைத்துவிட்டு, வந்த வழியே வெளியே போய்விட்டான். இவனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூட்டையைக் கட்டி முடித்ததும் ஆசை தாங்கவில்லை. ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். நாலு நாளாக நெருப்பைப்போல ஒதுக்கி வைத்த கோட்டை இப்போது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். தோள்பட்டையில் முகத்தைப் புதைத்தாள். என் பேரப்பிள்ளை! காலையில்கூட இந்தத் தோளில்தான் கிடந்திருக்கிறது!

அன்றைக்கு முகர்ந்தபோது கோபம் கண்ணை மறைத்திருந்தது. இப்போது ஆற அமர, ஒயினை முகர்வதுபோலவே, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மேலே வசம்பு. அதற்கடியில் நல்லெண்ணெய். அப்புறம் பால்.

பால்.

செல்லம் முகத்தை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். தாய்ப்பால் கக்கிய துணி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? லேசாகப் புளித்து, நெஞ்சுச் சூட்டோடு இருக்கும். இது அப்படி இல்லை. இனிப்பு. காய்ச்சின சர்க்கரை இனிப்பு. கோப்பிக் கடையில் ஊற்றுகிற டின் பால்.

பிறந்த குழந்தைக்கு எதற்கு டின் பால்?

பால் சுரக்கவில்லையோ என்று ஒரு கணம் தேடிப் பார்த்தாள். அப்படியானால் பெற்றவளின் மற்ற வாசனைகள் எங்கே? பூண்டு எங்கே, காயம் எங்கே, மஞ்சள் எங்கே? பிள்ளை எப்போதும் தாயின் உடம்பில் ஒட்டியல்லவா கிடக்கும்? காலரை முகர்ந்தாள், கையை முகர்ந்தாள், உள்பையை முகர்ந்தாள். பெற்றவளின் வாசனை ஒரு நூல்கூட அந்தக் கோட்டில் இல்லை.

அவர் திரும்பாமல் போனதும், லெட்சுமணன் வெளியே போனதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கின.

கிளப் கூடத்துக்குள் செல்லம் ஒருநாளும் கால் வைத்ததில்லை. சமையற்கட்டு ஆட்கள் போகக் கூடாத இடம் அது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அதே நேரம் கூடத்தில் கைதட்டல் எழுந்தது. சிங்கப்பூர் நிபுணர் ஐந்தாவது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வீரமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஐந்துக்கு ஐந்து! செக்ரட்டரி துரைக்கு நிலை கொள்ளவில்லை.

வீரமுத்து அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"அந்தப் பிள்ளை ஏன் டின் பால் குடிக்குது?" என்றாள் செல்லம்.

"புள்ள, வெளிய போ. நான் வந்து பேசறேன்."

"இங்கியே சொல்லுங்க. எம் மக எங்கே?"

செக்ரட்டரி துரைக்கு, அவள் ஏதோ ஒயினைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறாள் என்று எண்ணம். தோட்டத்து லயத்தில் தமிழ் படித்தவர்; மணத்துக்கும் நாற்றத்துக்கும் வித்தியாசம் தெரியாது. "வீரமுத்து, இந்தப் பொம்பளைக்கு என்ன நாத்தம் வருது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

வீரமுத்து செல்லத்தின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பொறந்தப்புறம் ரத்தம் நிக்கலை, செல்லம்," என்றார் வீரமுத்து. சொல் சொல்லாகத்தான் வந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக செல்லப்பன் ரயில்வே டிராலி எடுத்தான். நானும் கூட ஓடினேன். பாதி வழியில... தலை எம் மடியிலதான் இருந்துச்சு."

"எப்ப?"

"இருபத்திரெண்டு நாளாச்சு."

இருபத்திரெண்டு நாள். செல்லம் பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். ஒரு சனிக்கிழமை. அன்று துரைமாருக்கு விருந்து. கோழிக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டு, அதற்காக லெட்சுமணனோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மூணு மைலில் பெற்ற மகள் போய்க்கொண்டிருந்தாள், இவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தின் நடுவில் அப்படியே உட்கார்ந்து, கோட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்கும் அடங்கவில்லை அந்த அழுகை. துரைமார் ஒவ்வொருவராக கிளாஸைக் கீழே வைத்தார்கள். வீரமுத்து இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, பிறகு அவளைக் காட்டினார். செக்ரட்டரி துரையின் சிரிப்பு மறைந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

வெகுநேரம் கழித்து செல்லம் கண்ணைத் துடைத்தாள். "பிள்ளை?"

"நாளைக் காலை வண்டியில செல்லப்பன் சிங்கப்பூருக்குக் கொண்டு போறான். அங்கேர்ந்து கப்பல். ஊர்ல அவன் ஆத்தாகிட்ட விட்டுட்டு வரப் போறான்."

"தாயில்லாத பச்சைப் பிள்ளையைக் கப்பல்லயா? அந்தப் பையன் எடுத்த முடிவா இது?"

வீரமுத்து தரையைப் பார்த்தார். "நான் சொன்னது. அவன் உங்கிட்ட குடுக்கணும்னுதான் கேட்டான்."

"நீங்க ஏன் வேணாம்னீங்க?"

"பிள்ளையைப் பார்த்தா நீ அவளைக் கேப்பே. உன் மொகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியல, செல்லம். தினமும் சொல்லணும்னுதான் வருவேன். முடியல."

அவள் எழுந்து நின்றாள். கோபம்கூட வரவில்லை, அதற்கு வேண்டிய பலம் இல்லை. "சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். அவ்வளவுதானேங்க? மக உசுரோட இருந்தப்பவும் அழ விடலை. போனப்புறமும் அழ விடலையே நீங்க."

வாசல் கதவு திறந்திருந்தது. துரைமார் ஏறி இறங்கும் முன்படியில் அவள் இறங்கினாள். கீழே ஸ்டேஷன் பாதை வெயிலில் வெள்ளையாய்க் கிடந்தது.

"செல்லம், நில்லு!" வீரமுத்து வெறுங்காலோடு படிக்கு ஓடி வந்தார். "போறதுக்கு முன்னால அவ உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா."

செல்லத்தின் கால் நின்றுவிட்டது. மகளின் கடைசி வார்த்தை! அதைக் கேட்க அவளுக்கு ஆசை இல்லாமலா? ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருபத்திரெண்டு நாள் அதை உங்க வாய்க்குள்ள வச்சிருந்தீங்க. இனிமே அங்கியே இருக்கட்டும். மாப்பிள்ளைகிட்ட நான் கேட்டுக்கறேன்."

செல்லப்பனை அவள் மாப்பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நடந்தாள்.